ஓர்வால் பியர்: ஒரே முத்திரை, இரண்டு சுவை. இதில் எது சரியானது?

லூவன்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மேற்படிப்புக்காக பெல்ஜியத்தின் லூவன் நகரில் தங்கியிருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த பிறகுதான் பியர் என்பதை அவசரமில்லாமல், கவனித்துக் குடிக்கப் பழகி வருகிறேன். டிராப்பிஸ்ட் என்ற கிறித்தவத் துறவிகளின் மடங்களில் வடிக்கப்படும் ஏல் என்னும் பியர் வகைகளில் ஓர்வாலைப் பற்றிப் பலரும் வியந்து பேசியதால் அதை இரண்டு இடங்களில் வாங்கிச் சுவைத்தேன். அந்த இரண்டு அனுபவங்களும் ஒன்றோடொன்று கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

முதலில் ஒரு கஃபேயில் குடித்தேன். செம்பு கலந்த ஆரஞ்சு நிறம். கோப்பையின் விளிம்பைத் தாண்டி எழுந்து நின்ற வெண்ணுரை. அதிலிருந்து பூவின் வாசமும் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருவது போன்ற மணமும் வந்தன. நாக்கில் முதலில் இலேசான இனிப்பு, அதைத் தொடர்ந்து தெளிவான கசப்பு. மிகவும் பிடித்துப்போனது. பிறகு ஒரு கடையில் அதே பியரை வாங்கிவந்து அறையில் திறந்தேன். பூவின் வாசம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அதன் இடத்தில் பழைய தோல் பையின் வாடையும், சற்றே மாட்டுத்தொழுவத்தை நினைவூட்டும் ஒரு நெடியும் இருந்தன. இனிப்பு அறவே இல்லை. விழுங்கியதும் வாய் உலர்ந்துபோனது. குமிழ்கள் ஊசிபோல் குத்தின. புட்டி அதேதான், வாயில் மோதிரம் கவ்விய மீன் படம் போட்ட முத்திரையும் அதேதான்.

கடையில் எனக்குக் கெட்டுப்போன சரக்கைக் கொடுத்துவிட்டார்களா? இல்லையென்றால் இவ்விரண்டில் எதைத்தான் அந்த மடத்தார் ஓர்வால் என்று கருதுகிறார்கள்? இன்னொன்றும் உண்டு. பேரிக்காய், மிளகு, வைக்கோல் என்றெல்லாம் மற்றவர்கள் ஒரே மிடறில் அடுக்குகிறார்கள். எனக்கோ பெரும்பாலும் "கசப்பு", "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் எதுவும் பிடிபடுவதில்லை. இதைப் பழகிக்கொள்ள வழி இருக்கிறதா?

---

நொதிக்கூடம் பதில்:

நீங்கள் குடித்த இரண்டுமே ஓர்வால்தான். இரண்டுமே நல்ல நிலையில் இருந்தவை என்றுதான் உங்கள் வர்ணனையிலிருந்து தெரிகிறது. ஒன்று இளையது, மற்றது முதிர்ந்தது. புட்டியின் முத்திரையைக் கவனித்துப் பாருங்கள். எந்த நாளுக்குள் குடிக்க வேண்டும் என்பதோடு, எந்த நாளில் புட்டியில் அடைத்தார்கள் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே 5 ஆண்டு இடைவெளி இருக்கும். பெரும்பாலான பியர்களுக்கு அடைத்த நாள் வெறும் கணக்குக்காகத்தான். ஓர்வாலுக்கு அதுதான் முதலில் படிக்க வேண்டிய வரி.

காரணம் இதுதான். ஆலையில் சாதாரண ஏல் ஈஸ்ட்டைக் கொண்டு முதல் நொதிப்பு நடக்கிறது. அடுத்து பியரைச் சில வாரங்கள் தொட்டியில் ஓய்வெடுக்க விட்டு, அதற்குள் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் காய்ந்த ஹாப்ஸ் பூக்களைக் கொதிக்கவைக்காமல் அப்படியே ஊறவிடுகிறார்கள். நீங்கள் கஃபேயில் உணர்ந்த பூவாசமும் ஆரஞ்சு மணமும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. கடைசியாகப் புட்டியில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் புதிய ஈஸ்ட்டும் சேர்க்கிறார்கள். அத்துடன் பிரெட்டனோமைசிஸ் என்ற வேறொரு ஈஸ்ட்டும் உள்ளே போகிறது. சாதாரண ஏல் ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் விட்டுவைத்த பெரிய சர்க்கரை மூலக்கூறுகளை இது மாதக்கணக்கில் மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் இனிப்பு மறைகிறது, வாய் உலர்கிறது, வாயு கூடுகிறது, சாராய வலிமையும் சற்றே ஏறுகிறது. பெல்ஜியத்தில் 6.2 சதவீதம் என்று முத்திரையிடப்படும் இதே பியர் அமெரிக்காவுக்குப் போகும்போது 6.9 சதவீதம் என்று முத்திரை தாங்கிச் செல்வதற்கும் இதுவே காரணம்.

தோல் வாடைக்கும் தொழுவ நெடிக்கும் அதே ஈஸ்ட்தான் பொறுப்பு. மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து வரும் ஃபெருலிக் அமிலத்தை ஏல் ஈஸ்ட் வகைகள் பல கிராம்பு மணமுள்ள ஒரு பொருளாக மாற்றும். பிரெட்டனோமைசிஸ் அதையும் விட்டுவைக்காமல் இன்னொரு படி மாற்றி, எத்தில் குவாயகால் என்ற பொருளை உண்டாக்கும். இதே வழியில் கூமாரிக் அமிலத்திலிருந்து எத்தில் ஃபீனால் உண்டாகும். திராட்சை மதுவில் இந்த நெடி தலைகாட்டினால் பல ஆலைகளில் அலறுவார்கள். 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வாளர் கிளாசன், நாள்பட வைத்த ஆங்கிலேயப் பியர்களின் தனிச்சுவைக்கு இந்த ஈஸ்ட்தான் காரணம் என்று கண்டறிந்தார். ஒரு தொழிலில் குற்றமாகக் கருதப்படுவது இன்னொரு தொழிலில் வேண்டி விரும்பிச் சேர்க்கப்படுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் ஐயப்பட வேண்டிய வாடைகள் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் காற்றுப் பட்டு, சூட்டில் கிடந்த புட்டி என்று பொருள். காடி போல் மூக்கைச் சுளிக்கவைக்கும் புளிப்பு மேலோங்கினாலும் காற்று நுழைந்திருக்கிறது. பிரெட்டனோமைசிஸுக்கு ஆக்சிஜன் கிடைத்தால் அசிட்டிக் அமிலம் உண்டாக்கும் குணம் உண்டு. வெளிச்சம் பட்டுக் கெட்ட பியரில் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் சிதைந்து ஒரு கந்தக நெடி கிளம்பும். ஓர்வாலின் பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும் என்றாலும், கடையின் காட்சி ஜன்னலில் வெயில்பட நிற்கும் புட்டியை நான் தொடவே மாட்டேன்.

இனி சுவைக்கும் முறைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். மூக்கைப் பழக்காமல் நாக்கைப் பழக்க முடியாது. கோப்பையைக் குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, துடைக்காமல், சாய்த்துப் பிடித்து ஊற்றுங்கள். பாதிக்கு மேல் போனதும் நிமிர்த்தி நுரையெழ விடுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் நுரை நிற்காது, மணமும் அதோடு போய்விடும். நுரை அடங்குவதற்குள் முகர வேண்டும். நீண்ட மூச்சாக இழுக்காதீர்கள். இரண்டு மூன்று குறுகிய முகர்வுகள் போதும், ஏனென்றால் மூக்கு வெகு சீக்கிரம் சலித்துவிடும். சலித்ததாகத் தோன்றினால் உங்கள் முன்கையை ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி கோப்பைக்கு வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் தினமும் செய்வது இதுதான். பிறகு ஒரு மிடறு எடுத்து, வாய் முழுவதும் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். பேரிக்காயும் மிளகும் பெரும்பாலும் அந்த வெளிமூச்சில்தான் அகப்படும். கசப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது, நாக்கின் ஓரங்களில் புளிப்பு தெரிகிறதா, ஈறுகளில் துவர்ப்பு ஒட்டுகிறதா என்று தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் வரவில்லையென்றால் கவலை வேண்டாம், "சமையலறை வாடையா, தோட்டத்து வாடையா, அலமாரி வாடையா" என்று இடத்தை முதலில் பிடியுங்கள். பொருள் தானாக வந்து சேரும்.

வெப்பநிலையையும் மறந்துவிடாதீர்கள். அறையில் திறந்த புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றியிருந்தால், அதன் மணத்தில் பாதி உங்களை வந்தடைந்திருக்காது. இதை 12 முதல் 14 டிகிரி செல்சியஸில் பரிமாறச் சொல்கிறார்கள். நான் 10 டிகிரியில் தொடங்கி, கோப்பை முடிவதற்குள் அது தானாகச் சூடேறுவதைக் கவனிப்பேன். முதல் மிடறும் கடைசி மிடறும் வேறு வேறாக இருக்கும்.

---

தெற்குவாசல் பதில்:

நொதிக்கூடம் சொன்ன வேதியியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதிர்ந்த ஓர்வாலை ஏதோ பேறு போலப் பேசும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஹாப்ஸின் மணம் ஏறத்தாழ ஆறு மாதத்தில் வடிந்துவிடுகிறது. அந்த மணத்துக்காகவே தொட்டியில் பூக்களை ஊறவைக்கிறார்கள் என்றால், அது போன பின்பு குடிப்பதில் என்ன நியாயம்? சில மதுக்கூடங்கள் இரண்டு மூன்றாண்டு பழசு என்று சொல்லி விலையைக் கூட்டுவதை நான் கண்டிருக்கிறேன். எனக்குப் பிடித்தது மூன்று நான்கு மாத வயதுள்ள புட்டி: ஹாப்ஸ் இன்னும் உயிரோடு இருக்கும், பிரெட்டனோமைசிஸ் கதவைத் தட்டத் தொடங்கியிருக்கும்.

சுவைக்கப் பழகுகிறவருக்கு ஓர்வால் நல்ல முதல் பாடமும் அல்ல. ஒவ்வொரு புட்டியும் வேறாக இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு அளவுகோலை எப்படி உருவாக்குவது? நான் வெஸ்ட்மாலே மடத்தின் டிரிப்பல் என்ற வலுவான ஏலைத்தான் சொல்வேன். ஆண்ட்வெர்ப் மாகாணத்தில் உள்ள மடம். 1934இல் தொடங்கிய பியர். 1956இல் ஹாப்ஸைக் கூட்டித் திருத்திய செய்முறை ஏறத்தாழ அப்படியே தொடர்கிறது. 9.5 சதவீத வலிமை இருந்தும் கனமாகத் தெரியாது, ஏனென்றால் மால்ட்டோடு சேர்க்கும் சர்க்கரை முழுவதும் நொதித்து, பியரைக் கனக்கச் செய்யாமல் வலிமையை மட்டும் தருகிறது. வாழைப்பழ மணம், கிராம்பின் சாயல், தேன், வெண்மிளகு, முடிவில் நீளும் கசப்பு என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். வாழைப்பழத்தை ஒருமுறை அதில் அடையாளம் கண்டுவிட்டால், டூவெல் என்ற பெல்ஜிய ஏலிலோ ஒரு கோதுமை பியரிலோ அது எந்த அளவில் இருக்கிறது என்று பிறகு உங்களாலேயே சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை: அந்த 9.5 சதவீதம் விளையாட்டல்ல. டிரிப்பலையும் ஓர்வாலையும் ஒரே மாலையில் ஒப்பிட நினைத்தால், ஒரு புட்டியை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளுங்கள்; ஓர்வாலை முதலில் வையுங்கள். இரண்டாவது முழுப்புட்டியில் மூக்கு ஓய்ந்துவிடும். அதற்கு மேல் கற்பதற்கு ஒன்றுமில்லை.

---

லூவன்வாசி எழுதுகிறார்:

இருவருக்கும் நன்றி. அறையிலிருந்த காலிப்புட்டியை எடுத்துப் பார்த்தேன்; அடைத்த நாளுக்குப் பிறகு ஓராண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்து ஊற்றியதும் உண்மைதான். கஃபேயில் கொடுத்ததன் தேதியை இனி அறிய வழியில்லை. ஆனால் அங்கே பரிமாறியவர் என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். இளையதா, முதியதா என்பதைத்தான் கேட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு துணைக்கேள்விகள். அடிவண்டலைக் கோப்பையில் சேர்க்கலாமா? கஃபேயில் சேர்க்காமல் புட்டியிலேயே விட்டுவிட்டார்கள். இன்னும் சில புட்டிகள் வாங்கி முதிரவிட நினைத்தால் எப்படிப் பாதுகாப்பது?

---

முத்துக்கோப்பை பதில்:

பெல்ஜியக் கஃபேக்களில் அந்தக் கேள்வி வழக்கமானதுதான், லூவன்வாசி. ஓர்வாலை முறையாகப் பாதுகாத்துப் பரிமாறும் கஃபேக்களுக்கு மடத்து ஆலையே "தூதர்" என்ற பட்டம் தருகிறது. அப்படிப்பட்ட இடங்களில் இரு வயதுப் புட்டிகளும் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டையும் ஒருசேர வாங்கி இருவராகப் பங்கிட்டுச் சுவைத்தால், உங்கள் முதல் கேள்விக்கு எங்கள் பதில்களைவிடத் தெளிவான விடை கிடைக்கும்.

தெற்குவாசலின் வாதத்துக்கு வருகிறேன். மடத்தார் எந்த வயதையும் "இதுதான் சரி" என்று நிறுத்தி வைக்கவில்லை. இளையதில் ஹாப்ஸின் மணம் முன்னிற்கும், முதிர்ந்ததில் ஈஸ்ட் முன்னிற்கும், அவரவருக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளட்டும் என்பதே அவர்கள் போக்கு. அதில் ஒரு வரலாற்று நியாயமும் இருக்கிறது. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய கௌம் பகுதியில் உள்ள அந்த மடத்தை 1070இல் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த துறவிகள் தொடங்கினர். 1132இல் அது சிஸ்டர்சியன் சபையின் கைக்கு வந்தது. 1793இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் அதை எரித்தன. நூறாண்டுக்கும் மேல் இடிபாடாகக் கிடந்ததை 1926இலிருந்து மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். அந்தக் கட்டுமானத்துக்குப் பணம் தேட 1931இல் எழுந்ததுதான் இந்தப் பியர் ஆலை. ஆகவே இது ஆயிரமாண்டுத் துறவிகளின் இரகசியச் செய்முறை அன்று. முதல் வடிப்பாளர் பாப்பன்ஹைமர் ஒரு ஜெர்மானியர். ஹாப்ஸைத் தொட்டியில் ஊறவைப்பது ஆங்கிலேயப் பழக்கம். சர்க்கரை சேர்ப்பது பெல்ஜிய வழக்கம். மூன்று நாட்டுக் கைகள் பட்ட பியர் ஒரே சுவையில் நிற்கவில்லை என்றால் எனக்கு வியப்பில்லை.

கோப்பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மடத்தை மறுபடி கட்டிய கட்டடக்கலைஞர் ஹென்றி வாய்ஸ் வடிவமைத்ததுதான் ஓர்வாலின் அகன்ற வாய்க்கோப்பை. தடித்த தண்டும், பட்டை தீட்டியது போன்ற பக்கங்களும் அதன் அடையாளம். முகரும்போது மூக்கு நேராக நுரைக்குள் போய்விடும். அதுவே குறை என்றும் சொல்வேன், ஏனென்றால் வாய் அகன்றிருப்பதால் மணம் சீக்கிரம் சிதறிவிடுகிறது. வீட்டில் ஆராய்ச்சியாகச் சுவைக்கும்போது திராட்சை மதுவுக்கான, வாய் குவிந்த கோப்பையில் பாதியளவு ஊற்றுகிறேன். விருந்தினர் வந்தால் மட்டும் மடத்துக் கோப்பை வெளியே வரும்.

மடத்தில் 1928இலிருந்து பாலாடைக்கட்டியும் செய்கிறார்கள். நடுத்தர வயதுள்ள ஓர்வாலோடு அதைச் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கட்டியின் கொழுப்பு நாக்கில் படர்ந்திருக்கும்போது பியரின் உலர்ந்த கசப்பு அதை வழித்தெடுத்துக்கொண்டு போவது நன்றாகத் தெரியும். மடத்தை ஒட்டிய "காவல் தேவதை" என்ற உணவகத்தில், வெளியே விற்காத, வலிமை குறைந்த இன்னொரு பியரும் குழாயிலிருந்து கிடைக்கிறது. லூவனிலிருந்து ஃப்லோரன்வில் வரை இரயிலில் வந்துவிடலாம்; அங்கிருந்து மடத்துக்குச் சில கிலோமீட்டர்தான்.

---

நொதிக்கூடம் பதில்:

தெற்குவாசலுக்கு: வெஸ்ட்மாலே நிதானமானது என்பதை ஏற்கிறேன். ஹாப்ஸின் மணம் வடிகிறது என்பதும் சரியே. ஆனால் முதிர்ச்சியில் குறைவது மட்டும்தான் நடக்கிறது என்பதில்லை. வாழைப்பழ மணம் தரும் எஸ்டர் என்ற மணப்பொருளைப் பிரெட்டனோமைசிஸ் சிதைத்துவிட்டு, அன்னாசி போன்ற பழமணம் தரும் வேறு எஸ்டர்களை உண்டாக்குகிறது. ஓராண்டுப் புட்டியில் தொழுவ நெடிக்கு அடியில் அதைத் தேடிப் பாருங்கள். விலையைக் கூட்டும் மதுக்கூடங்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் முழு உடன்பாடு.

லூவன்வாசிக்கு: அடிவண்டல் ஈஸ்ட்தான், அதனால் கெடுதல் இல்லை; ஆனால் அது கலந்தால் பியர் கலங்கி, மாவுத்தன்மை கூடி, கசப்பு மழுங்கிவிடும். புட்டியின் அடியில் ஒரு விரற்கடை விட்டு நிறுத்திவிடுங்கள். ஆவலிருந்தால் மிச்சத்தைத் தனியே ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றிச் சுவையுங்கள். இந்நாட்டில் அப்படிக் குடிப்பவர்கள் உண்டு.

முதிரவைப்பதற்கு ஒரே தேதியிட்ட புட்டிகளாகப் பார்த்து வாங்குங்கள். படுக்கவைக்காமல் நிமிர்த்தி, வெளிச்சம் படாத இடத்தில், 12 முதல் 15 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் பிரெட்டனோமைசிஸ் ஏறத்தாழ உறங்கிவிடும். சமையலறை அலமாரியில் வைத்தால் கோடையில் அட்டைப்பெட்டி வாடைதான் மிஞ்சும். மாணவர் விடுதியில் நிலவறை இருந்தால் நல்லது, இல்லையென்றால் வடக்குப் பார்த்த சுவரை ஒட்டி ஒரு பெட்டிக்குள் வைக்கலாம். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் பழைய குறிப்பைப் படிப்பதற்கு முன் புதிய குறிப்பை எழுதிவிடுங்கள். திறப்பதற்கு ஒரு நாள் முன்பு குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் வண்டல் நன்றாகப் படிந்துவிடும். பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். முதிர்ந்த புட்டியில் வாயு அதிகம் என்பதால் மூடியை மெதுவாகத் திறந்து, கோப்பையைப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.